மூணு ஊர் மூஞ்சி

"மிஷின்லதாங்க கோளாறு. நான் அடிச்சுச் சொல்றேன், மிஷின்லதான் கோளாறு! இல்லன்னா இப்பிடி ஆகுமா? இந்தக் கன்னத்தப் பாருங்க... அட, நல்லாத் திரும்பிப் பாருங்கங்க! மொதல்ல ரெண்டு பக்கமும் கொஞ்சூண்டு மங்குதான் இருந்துச்சு. இப்ப? தோசக்கல்லு! வெறும் கல்லு கூட இல்ல, தோச ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்குற கல்லு!"

முக்காட்டை விலக்கி, இடது கன்னம், வலது கன்னம், நெற்றி, தாடை என்று வரிசையாகக் காட்டினாள் ராஜம்மாள். நாகப்பட்டினம் துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிற ராஜம்மாள். அவள் குரல் எழும்பினால் விசைப்படகின் எஞ்சின் சத்தம் அடங்கிப்போகும் என்பார்கள். அந்தக் குரல் இப்போது தஞ்சாவூரில், டாக்டர் ஷமீராவின் தோல் ஆஸ்பத்திரியில், ஏசி போட்ட சின்ன உள்ளறைக்குள் இருந்தது. வெளியே கூடத்தில் உட்காரத்தான் சொன்னார்கள். அவள்தான் "எனக்குச் சூடு ஆகாது, டாக்டரம்மாவே சொல்லியிருக்காங்க" என்று உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டாள்.

எதிர் நாற்காலியில் இருந்த பெண்மணி பதில் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. லேசர் வைப்பதற்கு முன்னால் தோல் மரத்துப்போவதற்கான க்ரீமை முகம் முழுக்கச் சுண்ணாம்பு மாதிரி அப்பி, கண்ணுக்கும் மூக்குக்கும் வாய்க்கும் மட்டும் வழி விட்டு, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றியிருந்தார்கள். தலையில் தொப்பி. கழுத்து முதல் கால் வரை பச்சை அங்கி. "அசையாதீங்க, பேசாதீங்க, க்ரீம் வாய்க்குள்ள போயிடும்" என்று வேறு நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். எழுந்து போக முடியாத, குறுக்கே பேச முடியாத ஒரு ஆள். ராஜம்மாள் வாழ்நாள் முழுக்கத் தேடிக்கொண்டிருந்த ஆள்.

"நீங்க அக்காவா தங்கச்சியான்னு கூடத் தெரியல, இப்பிடி மாவுல போட்ட பஜ்ஜி மாதிரி உக்காந்திருக்கீங்க. சரி, அக்கான்னே வச்சுக்கறேன். மொத தடவையா? தலைய ஆட்டாதீங்க, ஒழுவும். கண்ண மட்டும் சிமிட்டுங்க. ஆங்... மொத தடவ. பயப்படாதீங்கக்கா. வலிக்காது. இல்ல, வலிக்கும். டாக்டரம்மா வந்து குயில் மாதிரி சொல்லும் பாருங்க: 'ஒண்ணும் இல்லம்மா... ரப்பர் பேண்டச் சூடு பண்ணி லேசாச் சுண்டி விட்ட மாதிரி இருக்கும், அவ்ளோதான்.' லேசாவா? எங்க துறைமுகத்துல நண்டு புடிச்சு விட்டா வலிக்கும் பாருங்க, அந்த நண்டுக்குக் கரண்டும் குடுத்த மாதிரி! அப்பறம் ஒரு வாசன வரும். எவ வீட்டுலடா கருவாடு தீயுதுன்னு நான் எழுந்திருக்கப் பாத்தேன். நர்ஸ் புள்ள அமுக்கிப் புடிச்சிக்கிட்டு, 'அம்மா, அது உங்க மூஞ்சிதாம்மா'ங்குது!"

எதிரே இருந்த கண்கள் இரண்டும் வட்டமாக விரிந்தன. ராஜம்மாளுக்கு அது போதும். ஏலத்தில் ஒருத்தன் புருவத்தைத் தூக்கினாலே அவனை விடமாட்டாள்.

"அந்தம்மா மொத நாளே சொன்னுச்சு. சொல்லலன்னு சொல்லமாட்டேன். 'அம்மா, இது வெள்ளையாக்குற வைத்தியம் இல்ல. மேல்தோலக் கொஞ்சம் சுட்டு எடுக்குறோம், அடியிலேர்ந்து புதுத்தோல் வரும். தழும்பு, சொரசொரப்பு கொறையும். உங்களுக்கு இருக்குறது மங்கு. சூடு பட்டாலே அது கறுக்கும். அதனால கொஞ்ச நாள் க்ரீம் போடுவோம். அப்பறம் ரொம்ப லேசா, மாசத்துக்கு ஒண்ணு, அஞ்சாறு தடவையாப் பாப்போம்.' நான் கேட்டேன், அடியில புதுத்தோல் இருக்குன்னா, அத முன்னாடியே மேல வச்சுத் தொலைக்கறதுக்கு என்னன்னு. சிரிக்குது! ஏங்க, நான் என்ன சிரிப்பாவா கேட்டேன்?

"மாசத்துக்கு ஒண்ணாம்ல. எனக்கு ஏதுங்க மாசம்? எனக்கு இருக்குறதே தடைக்காலம் ஒண்ணுதான். அப்பதான் படகு போகாது, மீனு வராது, ஏலம் கெடையாது, நான் வெயில்ல நிக்க வேணாம். தட முடிஞ்சு படகு எறங்குச்சுன்னா, விடியறதுக்குள்ள நான் கரையில நிக்கணும். ஆனியில பொண்ணுக்குக் கல்யாணம். அப்ப எல்லாத் தோலும் தடைக்காலத்துக்குள்ளயே உரிஞ்சாகணுமா இல்லியா? நியாயத்தச் சொல்லுங்க! நானும் கேட்டுப் பாத்தேன். 'ஆறு தடவையா? மூணாக்குங்க டாக்டரம்மா.' முடியாதாம். 'சரி, அடுத்தடுத்த வாரம் வைங்க.' முடியாதாம். 'ஒரே தடவையில கூட கொஞ்சம் ஓட்டி விடுங்க, நான் பல்லக் கடிச்சுக்கறேன்.' ஊஹூம். வஞ்சிரத்துக்கே வெல எறங்குது, இந்தம்மா எறங்க மாட்டேங்குது!"

மூச்சு வாங்கிக்கொண்டு, முந்தானையால் விசிறிக்கொண்டாள். ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"வச்ச அன்னைக்கு வீட்டுக்குப் போறேன். மூஞ்சி செவந்து, வீங்கி, பொடிப்பொடியாப் புள்ளி, கட்டம் கட்டமா. எங்க வீட்டுக்காரரு இருக்காரே பஞ்சநாதன், அவரு பேசுனா ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவுல டீ குடிச்சிட்டு வந்துடலாம். பாக்குறாரு... பாக்குறாரு... 'ஏய்... ராஜம்... மூஞ்சியில... என்னாடி... வல போட்டுருக்கு?' வலையாம்! நாப்பது வருஷம் கடல்ல வலையப் பாத்த மனுசன், பொண்டாட்டி மூஞ்சியிலயும் வலையத்தான் பாக்குறாரு!

"அப்பறம் அந்த டாக்டரம்மா சட்டம் இருக்கு பாருங்க, சட்டம். வெயில்ல போகாதே. கடல்ல பட்டுத் திரும்புற வெளிச்சம் கூட ஆகாதாம். கடல நான் போர்வ போட்டா மூடி வைக்க முடியும்? அடுப்புக்கிட்ட நிக்காதே. மஞ்சப் பூசாதே. சன்ஸ்கிரீன வெண்ணெ மாதிரி அப்பு, ரெண்டு மணிக்கொரு தடவ திரும்பவும் அப்பு. அப்பறம் பொடிப்பொடியாப் பொருக்குத் தட்டும், அதத் தொடாதே, பிச்சி எடுக்காதே, தானா உதிரணும். எங்கிட்டயா? நடக்கத் தெரிஞ்ச நாள்லேர்ந்து மீனுச் செதில் சொரண்டுன கைங்க இது! செதிலு தூக்கிக்கிட்டு நிக்கறதப் பாத்தா இந்தக் கை சும்மா இருக்குமா? டீவி பாத்துக்கிட்டே, என்னயறியாம... பாதி மூஞ்சி சுத்தம்!

"என்னத்துக்குடி இதெல்லாம்னு கேக்கறீங்களா? கேக்கறீங்க. கண்ணு கேக்குது. சொல்றேன். எல்லாம் ஒரு பிளெக்ஸு போர்டால வந்த வென!

"எம் பொண்ணு சுவேதா. ஒரே பொண்ணு. அதுக்கு நிச்சயம். துறைமுகம் போற முக்குல ஆளு ஒசரத்துக்குப் பிளெக்ஸு. மணமகன் ஹரிஷ், மணமகள் சுவேதா, கீழ வட்டத்துக்குள்ள அப்பன் ஆத்தா. எம் படத்தப் பாக்குறேன், பக்குன்னு ஆயிடுச்சு. வெள்ள வெளேர்னு, கண்ணும் பொட்டும் மட்டும் இருக்கு. மூக்கக் காணும்! மூக்கு இருந்த எடத்துல ரெண்டு புள்ளி! எந்தப் பயபுள்ள அப்பிடிப் பண்ணச் சொன்னான்னு தெரியல. ஐஸ் லோடு ஏத்துற பசங்க அதுக்கடியிலயே நின்னுக்கிட்டு, 'ஏன் ஏலக்காரம்மா, உங்க படத்தப் போடலியா? இது யாரு, உங்க சொந்தக்காரவங்களா?'ங்குறானுவ! நானே எனக்குச் சொந்தக்காரியாப் போயிட்டேன்!

"அது கூடப் போவட்டும். அந்தப் பிளெக்ஸுல எம் பக்கத்துல ஒரு படம் இருக்கு பாருங்க. சம்பந்தியம்மா. நாகூர்க்காரி. ஜெயபாரதி! மூணு விசைப்படகு. அந்த மூணு படகையும் தலையில வச்சிக்கிட்டு நடக்குற மாதிரியே ஒரு நட. நிச்சயத்தன்னைக்கு வந்து எறங்குறா பாருங்க, காருலேர்ந்து மொதல்ல குட எறங்குது, அப்பறம் பவுடரு எறங்குது, கடசியா அவ எறங்குறா. வாயத் தொறந்தா, 'அய்யய்ய... எங்களுக்கு ஒண்ணும் வேணாங்க... பொண்ணக் குடுத்தாப் போதும்ங்க...' தேனு ஒழுவும். பவுடரும் சேந்து ஒழுவும்! வேர்த்து ஒரு கோடு எறங்குச்சு பாருங்க காதோரமா, உள்ள இருக்குறது என்ன நெறம்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. எங்க நெறந்தான்!

"தட்டு மாத்துறப்ப எங் கையப் புடிச்சா. மணிக்கட்டுல பச்ச குத்தியிருக்கு. நண்டாம். அவங்க ராசியாம். எனக்கென்னமோ மாட்டு மேல இருக்குற உண்ணி மாதிரிதான் தெரிஞ்சுது. கையப் புடிச்சிக்கிட்டு, எம் மூஞ்சிய இப்பிடி... இப்பிடிப் பாத்தா. அத்தன சனத்துக்கு நடுவுல சொல்றா: 'சம்பந்தி, நீங்க வெயில்லயே நிக்குறீங்கல்ல... பாவம்.'

"பாவம்! நான் பாவமா? எட்டு ஊரு வியாபாரிய ஒத்தக் குரல்ல நிறுத்தி வைக்குற நான் பாவம்? அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கலக்கா. தாலி கட்டுற அன்னைக்கு மேடையில அவ பக்கத்துல நிக்கறப்ப அந்த வார்த்த அவ வாயில வரக்கூடாது. வரவே கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன்."

ராஜம்மாள் மூக்கை உறிஞ்சினாள். எதிரே இருந்த அம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிளாஸ்டிக் தாள் மூக்கருகே உப்பி உப்பி அடங்கியது.

"நீங்க நல்லவங்கக்கா. பொறுமையாக் கேக்கறீங்க. அதனால ஒரு தொழில் ரகசியம் சொல்றேன். டாக்டரம்மாகிட்டப் போட்டுக் குடுத்துடாதீங்க. ஒரு கரையில வெல படியலன்னா நாங்க என்ன பண்ணுவோம்? அடுத்த கரைக்குப் போவோம். இந்தம்மா மாசத்துக்கு ஒண்ணுதான்னுச்சா... பஸ் ஏறினேன், கும்பகோணம். நகக்கட மாடியில ஒரு பியூட்டி பார்லரு. அது ஒரு பொண்ணு, 'யக்கா யக்கா, ஒரே சிட்டிங்கு! கண்ணாடியாட்டம் ஆக்கிடறேன்க்கா! பீலிங்குக்கா!' ஏதோ தண்ணியத் தடவுச்சு. ஆத்தாடி, எறா உரிக்கற மாதிரி உரிஞ்சுதுங்க! 'இதுக்கு முன்னாடி எங்கயாச்சும் பண்ணீங்களா?'ன்னு கேட்டுச்சு. 'இதான் கண்ணு மொத தடவ'ன்னேன். 'மூஞ்சி செவந்திருக்கே?' 'ஏலம் விடறவங்கம்மா, வெயிலு.' அடுத்தால அந்த வாரமே திருவாரூரு. அங்க ஒருத்தன், வெள்ளக் கோட்டு, கழுத்துல டை. 'மேடம்... நம்மகிட்ட இருக்குறது ஜெர்மன் டெக்னாலஜி மேடம்...' டாக்டரான்னு கேட்டேன், 'டாக்டர் மாதிரி மேடம்'ங்குறான். அங்கயும் மொத தடவதான். எங்க போனாலும் நான் மொத தடவதான்!

"ஆறுல மூணு முடிஞ்சுதா இல்லியா? ஒரே மாசத்துல! எப்பிடி நம்ம மூளை? ஆனா பாருங்க, மூணும் முடிஞ்சதும் மூஞ்சி தோசக்கல்லாயிடுச்சு. அதான் சொல்றேன், இந்தத் தஞ்சாவூரு மிஷின்லதான் ஏதோ கோளாறு. இன்னைக்கு அந்தம்மாவ ரெண்டுல ஒண்ணு பாக்காமப் போறதில்ல... என்னக்கா? ஏன் இப்பிடி ஆடுறீங்க? எரியுதா? எங்க எரியுது? கையக் குடுங்க..."

எதிரே இருந்தவள் நாற்காலியில் நெளிந்தாள். கும்பகோணம் என்ற பேச்சு வந்ததிலிருந்தே நெளிந்துகொண்டுதான் இருந்தாள். அங்கிக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து காற்றில் எதையோ சொல்ல முயன்றது. ராஜம்மாள் அதை எட்டிப் பிடித்தாள். ஆறுதலாகத் தடவிக் கொடுத்தாள். தடவிய விரல் மணிக்கட்டில் நின்றது.

பச்சை குத்தியிருந்தது. நண்டு.

வெண்ணிற மாவுக்குள்ளிருந்து இரண்டு கண்கள் ராஜம்மாளையே பார்த்தன. அவை ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தன என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

"இல்ல... நான் என்ன சொல்ல வந்தேன்னா... நண்டு! ஆங், நண்டு எவ்ளோ அழகா இருக்கு! எவ்ளோ நுணுக்கமா குத்தியிருக்காங்க, காலெல்லாம் எண்ணிடலாம் போல. நான் உண்ணின்னு சொன்னது... அது வேற ஒருத்திங்க. எங்க கரையில ஒரு ஜெயபாரதி இருக்கா... நாகூர்க்காரி இல்ல, அவளும் நாகூருதான்... அவளுக்கும் மூணு படகு... ஒரே பொண்ணுன்னு சொன்னேனா? சொல்லிட்டேனா? சரி விடுங்க.

"சம்பந்தி. பவுடரு பத்திச் சொன்னது தப்பா எடுத்துக்காதீங்க. பவுடரு யாருதான் போடல? அந்தப் பிளெக்ஸு... அது... பிளெக்ஸு அடிக்கிற பயகிட்ட நான்தான் சொன்னேன். உங்க படம் உரிச்ச முட்டையாட்டம் வந்திருந்துச்சா, 'தம்பி, அந்தம்மாவ விட எனக்கு ஒரு சுத்து கூட வெளுத்துவுடு'ன்னேன். அதுல போனதுதான் மூக்கு. போதுமா? திருப்தியா? ஏங்க ஏதாச்சும் பேசுங்களேன்! ஓ, பேசக்கூடாதுல்ல... பேசாதீங்க, பேசாதீங்க, க்ரீமு!"

ஜெயபாரதி கையை உருவிக்கொண்டாள். அந்தக் கை ஜன்னல் பக்கம் நீண்டு, ரோட்டைக் காட்டி, தன் முகத்தைக் காட்டி, எதையோ உரிப்பது போல் விரல்களை இழுத்துக் காட்டியது. ராஜம்மாள் விரலசைவில் விலை படிப்பவள். ஒரே நொடியில் படித்துவிட்டாள்.

"கும்பகோணமா? நீங்களுமா? அந்த நகக்கட மாடியா? எப்ப? ...போன வாரமா! இங்க டாக்டரம்மா கேட்டப்ப சொன்னீங்களா? ...மொத தடவன்னு சொன்னீங்களா?"

கண்கள் மூடித் திறந்தன. ஆமாம்.

அப்போதுதான் ராஜம்மாளின் மனசுக்குள் ஒரு தராசு ஆடியது. உரிந்த தோலின் மேல் இன்றைக்கு இந்த லேசர். அப்புறம் என்ன ஆகும் என்பதை அவளை விட நன்றாக இந்த டெல்டா முழுக்க யாருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்தால் போதும். ஆனி மாசம் மேடையில் இரண்டு தோசைக்கல். யார் யாரைப் பார்த்துப் பாவம் என்பது? கணக்கு சரியாகப் போய்விடும். ராஜம்மாள் உதட்டை இறுக்கிப் பூட்டிக்கொண்டாள். பிறந்ததிலிருந்து அவள் செய்த ஆகக் கஷ்டமான காரியம் அதுதான்.

கதவு திறந்தது. "க்ரீம் போட்டவங்க வாங்கம்மா, லேசர் ரெடி" என்றாள் நர்ஸ்.

ஜெயபாரதி எழுந்தாள். ஒரு அடி வைத்தாள். கதவருகே நின்று, ராஜம்மாளின் கன்னங்களை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பூட்டு தெறித்தது.

"ஏ புள்ள! நில்லு! யாரும் அவங்க மேல கைய வைக்காதீங்க! அவங்க போன வாரந்தான் கும்பகோணத்துல மூஞ்சிய உரிச்சிக்கிட்டு வந்திருக்காங்க! கூப்புடு டாக்டரம்மாவ! எங்க சம்பந்திங்க அவங்க! இது மேல மிஷின வச்சா என்னாகும்னு எம் மூஞ்சியப் பாத்துத் தெரிஞ்சுக்க! இங்க ஒண்ணு, கும்பகோணத்துல ஒண்ணு, திருவாரூர்ல ஒண்ணுன்னு மூணு ஊர்ல சுட்டுக்கிட்ட மூஞ்சி இது! உங்க மிஷின் மேல ஒரு கொறையும் இல்ல, போ!"

ஏலக் குரல். கூடத்தில் இருந்தவர்கள், மாடியில் பல் டாக்டரிடம் வாயைத் திறந்து வைத்திருந்தவர்கள், வாசலில் ஆட்டோக்காரர்கள், எல்லாருக்கும் கேட்டது. டாக்டர் ஷமீராவுக்கும் கேட்டது. வந்தார். ஜெயபாரதியின் க்ரீமைத் துடைக்கச் சொல்லி, வெளிச்சத்தில் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் ராஜம்மாளை உள்ளே கூப்பிட்டார். ஜெயபாரதி அங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். காதோரம் தோல் வெங்காயச் சருகாக எழும்பி நின்றது. முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

ராஜம்மாள் திரும்பி வந்து உட்கார்ந்தபோது அதே நாற்காலியில் புதிதாக ஒரு அம்மாள். புதிதாக அப்பிய மாவு, புதிய பிளாஸ்டிக் தாள். அவளைப் பார்த்து வாயைத் திறக்கப் போன நேரத்தில் போன் அடித்தது.

"சொல்லு சுவேதா... ஆமா, தஞ்சாவூர்லதான். உனக்கெப்பிடி... யாரு, அத்தையா? போன் பண்ணாங்களா? என்ன சொன்னாங்க? நிறுத்திட்டாங்களா கல்யாணத்த? ...அழுவல, அழுவல, கண்ணுல மருந்து. சொல்லித் தொலைடி! ...ம்... ம்... பிளெக்ஸா? கல்யாண பிளெக்ஸுல... உள்ளது உள்ளபடியா? ரெண்டு பேரு படத்தையுமா? வெளுக்காமலா? இன்னைக்கே புதுசா எடுத்து அனுப்பணுமா? அடியேய், எது உள்ளபடி? இந்தத் தோசக்கல்லா உள்ளபடி? இது நல்ல எண்ணத்துல சொன்னதா, வஞ்சம் தீக்கச் சொன்னதாடி? ...அவங்களும் எடுத்து அனுப்பிட்டாங்களா? இப்பவேவா? அனுப்பு பாப்போம்."

படம் வந்தது. பழைய பஸ் ஸ்டாண்டு வெளிச்சத்தில், குடை இல்லாமல், பவுடர் இல்லாமல், காதோரம் தோல் உரிந்து, ஜெயபாரதி. ராஜம்மாள் அதை விரலால் பெரிதாக்கினாள், சின்னதாக்கினாள். மூக்கு இருந்தது. நல்ல எடுப்பான மூக்கு.

"பாவம்" என்றாள், வெகு நேரம் கழித்து.

அப்புறம் முக்காட்டை நெற்றி வரைக்கும் தள்ளிவிட்டு, போனைத் தூக்கிப் பிடித்து, தன்னைத் தானே ஒரு படம் எடுத்துச் சுவேதாவுக்கு அனுப்பினாள். அனுப்பி முடித்த கையோடு எதிர் நாற்காலியின் பக்கம் திரும்பிச் சம்மணம் போட்டாள்.

"பாத்தீங்களா அநியாயத்த? இதுலயும் அவதான் முந்திக்கிட்டா! இந்த டாக்டரம்மா என்ன சொல்லுது தெரியுமா? 'இனிமே எதுவும் கெடையாது, க்ரீமும் நெழலுந்தான். மெதுவாத்தான் தெளியும், கல்யாணத்துக்குள்ள ஆகாது.' நல்லா வைத்தியம் பாக்குறாங்க போங்க! எங்க சம்பந்தி இருக்காளே, நாகூர்க்காரி, அவ கதையச் சொன்னா நீங்க..."

சட்டென்று நிறுத்தினாள். மாவுக்குள்ளிருந்து இரண்டு கண்கள் அவளை ஆவலாகப் பார்த்தன.

"சொல்றேன், சொல்றேன். மொதல்ல அந்த அங்கிக்குள்ளேர்ந்து ரெண்டு கையையும் வெளிய எடுத்துக் காட்டுங்க, பாப்போம்."